நாம் இல்லாத ஷிப்ட்

(கோயமுத்தூரில் செவிலியர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

காலை டியூட்டி முடித்து நேராக இங்கே வந்திருப்பவர்களும், இன்று நைட் இருந்தும் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஸ்டாஃப் நர்ஸ். ஒரே வார்டில் பல வருஷம். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்த டாக்டர் ரவுண்ட்ஸில் எதைக் கேட்பார் என்பது கேட்பதற்கு முன்பே தெரியும். சூலூரிலிருந்தோ பெரியநாயக்கன்பாளையத்திலிருந்தோ ஒரே பஸ். பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரமும் டியூட்டி நேரமும் எப்படியோ ஒத்துப்போகின்றன. ஒருநாள் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்திலிருந்து இன்சார்ஜ் பாக்கறியாம்மா?" என்று கேட்கிறார். அல்லது அவிநாசி ரோட்டிலேயே வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு படி மேலான போஸ்ட் தேடி வருகிறது. அரசுப் பணி என்றால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வருகிறது, கூடவே வேறு மாவட்டமும் வருகிறது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

வீட்டில் சொன்னால், "வர்ற லட்சுமிய யாராச்சும் வேண்டாம்பாங்களா?" என்று ஒருவர். "இருக்கற நிம்மதியக் கெடுத்துக்காத கண்ணு" என்று இன்னொருவர். இரண்டுமே அன்பில் வரும் பேச்சுதான். ஆனால் அந்த வேலை என்ன, அதில் நாள் முழுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமலேயே இருவரும் பதில் சொல்லிவிடுகிறார்கள். நான் வார்டில் இருந்திருக்கிறேன், இன்சார்ஜாக இருந்திருக்கிறேன், பிறகு நர்சிங் பாடம் நடத்தியிருக்கிறேன். எத்தனையோ பேர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றிக் கேட்பார்கள், டியூட்டி நேரத்தைப் பற்றிக் கேட்பார்கள், ஊர் என்ன சொல்லும் என்று கேட்பார்கள். வேலையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. இன்றைக்கு அதைத்தான் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த ஊர் மேலே போகச் சொல்லும் ஊர். பீளமேட்டிலும் கணபதியிலும் வொர்க்‌ஷாப்பில் லேத் பிடித்தவர் சில வருஷத்தில் சொந்தமாக ஒரு லேத் போடுவது இங்கே சர்வ சாதாரணம். பம்ப்செட்டும் கிரைண்டரும் இந்த ஊரின் பெயரைச் சொல்வதற்குப் பின்னால் அப்படி மேலே வந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலாளி ஆன பிறகும் அவர் கை லேத்தை விடுவதில்லை. அவசர ஆர்டர் என்றால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே நின்று ஜாப் முடித்துக் கொடுப்பார். நம் தொழிலில் ஏணியை அப்படிச் சாய்த்து வைக்கவில்லை. ஸ்டாஃப் நர்ஸ், இன்சார்ஜ், சூப்பரின்டெண்டென்ட் என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் நோயாளியின் கட்டிலிலிருந்து ஒரு படி விலகுகிறோம். தொழிலில் கெட்டிக்காரியாக இருந்ததற்குப் பரிசாக, அந்தத் தொழிலையே கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்கிறார்கள். தயக்கம் வருவது நியாயம்தானே? அதைச் சோம்பல் என்றோ பயம் என்றோ சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மத்திய அரசு மருத்துவமனைகளில் ஏழாவது ஊதியக் குழுப்படி நர்சிங் ஆபீஸரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதற்கு மேலே உள்ள சீனியர் நர்சிங் ஆபீஸர் பதவியின் தொடக்கம் 47,600. நடுவில் 2,700 ரூபாய். படிகள் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நம் மாநில அரசுப் பணியில் பதவி உயர்வு வராவிட்டாலும் 10 வருஷத்தில் தேர்வு நிலை, 20 வருஷத்தில் சிறப்பு நிலை என்று சம்பளம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். தனியாரில் பல இடங்களில் இன்சார்ஜ் அலவன்ஸ் என்று ஒரு சிறு தொகை சேரும், நைட் அலவன்ஸ் போய்விடும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்தத் தொகைக்காக மட்டும் இந்த முடிவை எடுக்க முடியாது.

இதையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றது. அது எத்தனை இடத்தில் நடைமுறைக்கு வந்தது என்பது உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015இல் எடுக்கப்பட்ட நர்ஸுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவருக்குக் கூடுதலாக வரும் மூவாயிரம் ரூபாய் என்பது வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ். அவரிடம் போய், "கட்டிலோரச் சேவையை விட்டுப் போகாதே" என்று யாரும் உபதேசம் செய்யக் கூடாது. போகட்டும், வாங்கட்டும். நான் இனிப் பேசப் போவது, அந்த நெருக்கடி இல்லாமல் யோசித்து முடிவெடுக்க இடம் இருப்பவர்களுக்கு.

"இங்கே வசதியாக இருக்கிறேன்" என்கிறீர்களே, அந்த வசதி எப்படி வந்தது?

ராத்திரி இரண்டு மணி. மானிட்டரில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பிபி சரி, பல்ஸ் சரி, சேச்சுரேஷன் சரி. ஆனால் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் இருப்பவர் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. மனுஷன் சாயங்காலம் பேசிய மாதிரி இப்போது பேசவில்லை, போர்வையைச் சும்மா இழுத்துக்கொண்டே இருக்கிறார். டியூட்டி டாக்டரை எழுப்பி, "சார், ஒருதடவ வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்கிறீர்கள். அரைமணி நேரம் கழித்து அவரை ஐசியூவுக்கு மாற்றுகிறார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் உங்களால் சரியாகச் சொல்ல முடியாது. அமெரிக்க நர்ஸ் பாட்ரிசியா பென்னர் இந்தத் திறமையை ஆராய்ந்துதான் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். புதியவர், கொஞ்சம் தேறியவர், தகுதி பெற்றவர், கைதேர்ந்தவர், நிபுணர் என்று ஐந்து நிலைகளைச் சொன்னார். நிபுணர் விதியைப் பார்த்து வேலை செய்வதில்லை, நிலைமையை மொத்தமாகப் பார்த்துவிடுகிறார் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த நிலைக்கு வருஷக்கணக்கில் கட்டிலோரம் நின்றால்தான் வர முடியும், வகுப்பறையில் கிடைக்காது. உங்கள் வசதி அப்படி வந்ததென்றால் அதை மலிவாக நினைக்காதீர்கள். அந்த வார்டின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

வேறு மாதிரி ஒரு வசதியும் உண்டு. புது இன்ஃப்யூஷன் பம்ப் வந்தால், "அத நீங்களே பாத்துக்கங்க" என்று இளையவர்கள் பக்கம் தள்ளிவிடுவது. கஷ்டமான கேஸ் வரும் நாளில் அடுத்த பக்கம் டியூட்டி கேட்டு வாங்குவது. யாராவது கேள்வி கேட்டால், "இங்க இப்படித்தான் செய்யறது" என்று முடித்துவிடுவது. அது பழகிப்போனதன் வசதி. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். ஒரு வழி சொல்கிறேன். நரம்பு கிடைக்காத குழந்தைக்குக் கேனுலா போட வேண்டும் என்றால் பக்கத்து வார்டிலிருந்து உங்களைத் தேடி வருகிறார்களா? க்ராஷ் என்று சத்தம் கேட்டால் உங்கள் கால் அந்தப் பக்கம் ஓடுகிறதா, நின்றுவிடுகிறதா? முதல் வகை வசதியில் இருப்பவர் புரமோஷனை மறுக்கத் தகுதியுள்ளவர். இரண்டாவது வகை என்றால், புரமோஷன் வேண்டுமோ வேண்டாமோ, எங்கேயாவது நகர வேண்டும்.

பென்னர் சொன்ன இன்னொரு விஷயத்தை நம் மருத்துவமனை நிர்வாகங்கள் காதில் வாங்குவதே இல்லை. ஒரு துறையில் நிபுணராக இருப்பவர், அனுபவமே இல்லாத வேறு வேலைக்குப் போனால் மறுபடியும் புதியவர்தான் என்கிறார் அவர். நேற்றுவரை ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் முகத்தைப் படித்தவர், இன்று ரோஸ்டர் போட உட்காரும்போது ட்ரெய்னி நர்ஸ் மாதிரித் தடுமாறுவார். இன்டென்ட் எழுதத் தெரியாது, ஸ்டாக் டேலி ஆகாது, நர்ஸுக்கும் அட்டெண்டருக்கும் சண்டை வந்தால் யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாது. முதல் ஆறு மாதத்தில், "எனக்கு இது லாயக்கில்லை" என்று அழாதவர்கள் குறைவு. லாயக்கு இருக்கிறதா என்பதை அந்த மாதங்களைக் கொண்டு அளக்கக் கூடாது. புது வேலையைக் கற்றுக்கொடுக்க ஆளே வைக்காமல், சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

சரி, அந்த வேலை என்ன?

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான பதிலை 1859இல் ஒருவர் சொல்லிவிட்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நர்சிங் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகத்தில் காற்றோட்டம், வெளிச்சம், சத்தம், சாப்பாடு, படுக்கை என்றெல்லாம் அத்தியாயங்கள் உண்டு. சின்னச் சின்ன நிர்வாகம் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. அதன் சாரம் இதுதான்: நீங்கள் இருக்கும்போது நீங்கள் செய்கிற நல்லது, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், உங்கள் நல்ல நர்சிங் எல்லாம் வீணாகிவிடும். பொறுப்பில் இருப்பது என்றால் எல்லாவற்றையும் தானே ஓடி ஓடிச் செய்வது என்று நினைப்பவர்களை அவர் கண்டிக்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்யும்படி பார்த்துக்கொள்வதே பொறுப்பு என்கிறார்.

எனக்குத் தெரிந்தவரை புரமோஷன் கேள்வியின் முழு உள்ளடக்கமும் இங்கே இருக்கிறது. நீங்கள் காலை ஷிப்டில் இருக்கிறீர்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள். இரண்டு மணிக்கு டியூட்டி மாறுகிறது. சாயங்காலம் திருப்பினார்களா? நைட்டில் திருப்பினார்களா? "என் ஷிப்ட்ல நான் சரியாப் பண்ணிட்டேன்" என்பதோடு உங்கள் மனம் அமைதியாகிவிட்டால் நீங்கள் நல்ல ஸ்டாஃப் நர்ஸ். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும், நாம் இல்லாத ஷிப்டில் என்ன நடக்கிறது என்ற நினைப்பு உங்களை அரிக்கிறது என்றால், ஹேண்டிங் ஓவர் அவசரத்தில் ஒரு விஷயம் விட்டுப்போவதைப் பார்த்து, இதை எப்படி எழுதி வைத்தால் விட்டுப்போகாது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், யாரும் ஆர்டர் கொடுக்காமலே நீங்கள் இன்சார்ஜ் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். அந்தப் போஸ்ட் உங்களுக்கானது.

நைட்டிங்கேலின் வாழ்க்கையையே பாருங்கள். 1854 நவம்பரில் 38 நர்ஸுகளோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். விளக்கோடு நடந்த படத்தைத்தான் எல்லோரும் மாட்டி வைக்கிறோம். அங்கே அவர் செய்த வேலையில் பெரும்பகுதி சமையல்கட்டு, துணி வெளுப்பு, சாக்கடை, கணக்கு, கடிதம். போர் முடிந்து 1856இல் திரும்பியவர், பிறகு வார்டு நர்ஸாக வேலை செய்யவே இல்லை. உடம்பு முடியாமல் அறைக்குள் இருந்துகொண்டு, ராணுவ வீரர்கள் எதனால் செத்தார்கள் என்பதைப் புள்ளிவிவரப் படமாக வரைந்து ஆட்சியாளர்கள் முன்னால் வைத்தார். 1860இல் அவர் பெயரால் தொடங்கிய பள்ளி இன்றைய நர்சிங் படிப்புக்கு வேர். நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியபோது, நம் கோவை, சேலம் பக்கமும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, பாசனத்துக்குச் செலவழிக்காத அரசைக் கேள்வி கேட்டு இங்கிலாந்திலிருந்தே எழுதினார். கட்டிலை விட்டு விலகிப் போனவர் நோயாளியை விட்டுப் போய்விட்டார் என்று அவரைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

இன்சார்ஜ் வேலையின் நடுவில் இருப்பது ரோஸ்டர். அதைக் கிளார்க் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்திய செவிலியர் கவுன்சிலின் கணக்குப்படி கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர், லீவுக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆள். நம் வார்டுகளின் நிலவரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து லிண்டா எய்கெனும் அவர் குழுவினரும் 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆக, அந்த ரோஸ்டர் தாளில் நீங்கள் பென்சிலால் போட்டு அழித்துப் போடும் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உயிரின் கணக்கு உண்டு.

அந்தத் தாளில் மனுஷர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் வார்டில் பாலக்காட்டுப் பெண் ஓணத்துக்கு லீவு கேட்பார், கன்னியாகுமரிப் பெண் கிறிஸ்துமஸுக்குக் கேட்பார், சத்தியமங்கலத்துக்காரர் பண்ணாரி குண்டத்துக்குக் கேட்பார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் கேட்பார்கள். நேற்றுவரை ஒரே டிபன் பாக்ஸில் பகிர்ந்து சாப்பிட்ட தோழி வந்து நின்று, "ஏனுங்க்கா, எனக்கேவா தீபாவளி நைட்டு?" என்று கேட்கும்போது தொண்டை அடைக்கும். அவருக்கு மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொருவர் கண் கலங்கும். இதைத் தாங்க முடியுமா என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பது உங்கள் வாழ்க்கையின் பெரிய சந்தோஷம் என்றால், இந்தப் பதவி அந்தச் சந்தோஷத்தை எடுத்துக்கொள்ளும். நியாயமானவர் என்று பெயர் கிடைக்க இரண்டு தீபாவளியாவது ஆகும்.

அரசு மருத்துவமனையில் இதோடு ஸ்டாக் பயமும் சேரும். சார்ஜ் எடுப்பது என்றாலே சிலருக்குக் கை நடுங்கும். லினன், கருவிகள், உடைந்தது, கண்டம் செய்ய வேண்டியது, பூட்டி வைக்கும் மருந்துகளின் ரெஜிஸ்டர், எல்லாவற்றுக்கும் உங்கள் கையெழுத்து. எண்ணிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஒப்படைப்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், உட்கார்ந்து எண்ணுங்கள்.

இந்த வேலை வெளியே தெரியாது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 மே 30 அன்று அப்போதைய முதலமைச்சர் பாதுகாப்பு உடை அணிந்து சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போன படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். மேற்கு மாவட்டங்களின் கொரோனா நோயாளிகளை 2020 முதலே தாங்கிய இடம் அது. அந்த மாதிரி வார்டுகளில் உள்ளே நின்ற நர்ஸுகளைப் பற்றிக் கொஞ்சமாவது பேசினார்கள், பாராட்டினார்கள். யார் எத்தனை மணி நேரம் உள்ளே இருப்பது, வெளியே வந்தவர் எங்கே தங்குவது, அடுத்த குழுவை எப்போது அனுப்புவது, கர்ப்பிணியாக இருப்பவரை எங்கே மாற்றுவது என்று பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பரும் போனுமாகப் போராடிய மூத்த சிஸ்டர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்களுடைய வேலை சரியாக நடந்ததால்தான் அது கண்ணில் படவில்லை. புரமோஷன் வாங்குபவர் இதற்கும் தயாராக வேண்டும். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்போது, "சிஸ்டர், உங்களை மறக்க மாட்டேன் சாமி" என்று கையைப் பிடிப்பார் பாருங்கள், அது இனி உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் வார்டு நர்ஸுக்குக் கிடைக்கும்.

நைட் டியூட்டி இல்லை என்பதற்காகவே இன்சார்ஜ் போஸ்ட் வாங்குபவர்கள் உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். அதைக் குறைவாக யாராவது பேசினால் காது கொடுக்காதீர்கள். உடம்புக்கும் அது நல்லது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, "மேடம், நைட்டுக்கு ஆள் வரல" என்று போன் வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனைவிக்கு வந்த பதவி உயர்வை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படும் கணவர், அந்தப் போன் மணி அடிக்கும்போதும் அதே முகத்தோடு இருக்க வேண்டும். பையன்மார்களும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழுவதில்லை, பதவி வந்தால் போகலாம் என்று முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு மட்டும் இது குடும்பக் கூட்டம் போட்டு முடிவெடுக்கும் விஷயமாக இருப்பது எனக்கு வருத்தம்.

ஒத்துக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். ரோஸ்டரை நான் போடுவேனா, யாரோ போட்டதில் கையெழுத்து மட்டும் போடுவேனா? ஆள் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் வருமா? படுக்கை நிறைந்துவிட்டது என்று சொன்னால் அட்மிஷனை நிறுத்தி வைக்க யாருக்கு அதிகாரம்? வாரத்தில் சில மணி நேரமாவது நோயாளியிடம் நிற்க விடுவீர்களா? பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில், அதிகாரம் முழுவதும் வேறொரு அறையில் என்று தெரிந்தால், அந்தப் பதவியை மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அது கூட்ட நெரிசலில் எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்ள நிறுத்தி வைக்கும் ஆள் வேலை. இன்சார்ஜ் நீண்ட லீவில் போகும்போது அவர் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எந்த வேலை முடிந்ததும் உங்களுக்குத் தெம்பு வந்தது, எந்த வேலை உங்களை உறிஞ்சியது என்று பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும்.

மறுப்பதிலும் விதிகள் உண்டு. மத்திய அரசுப் பணியில் பதவி உயர்வை மறுத்தால் ஒரு வருஷத்துக்கு மறுபடி வாய்ப்பு வராது. 10, 20, 30 வருஷத்தில் வர வேண்டிய ஊதிய உயர்வையும் அது பாதிக்கலாம். மாநிலப் பணியில் துறப்புக் கடிதம் கொடுப்பவர்கள், அது எத்தனை காலத்துக்குப் பொருந்தும், சீனியாரிட்டியை என்ன செய்யும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் பயத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு தன்னைவிட இளையவர்கள் மேலே போவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மருத்துவமனையில் காலியிடம் இருக்கிறது என்பதைக் கவுன்சலிங்குக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தால் அந்த அவசரம் வராது.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் நிர்வாகிகளிடம் பேச வேண்டும். 1952 முதல் இயங்கும் குப்புசாமி நாயுடு மருத்துவமனையிலிருந்து, 1975இல் வந்த ராமகிருஷ்ணா, பிறகு வந்த பீஎஸ்ஜி, கேஎம்சிஎச் என்று இந்த ஊர் மருத்துவத்தில் கட்டி எழுப்பியது பெரிய சாதனை. கேரளத்திலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஜனங்கள் நம்பி வருகிறார்கள். டாக்டருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எவ்வளவு சீனியர் ஆனாலும் நோயாளியைப் பார்த்துக்கொண்டே மேலே போக வழி வைத்திருக்கிறீர்கள். நர்ஸுக்கு மட்டும் ஏன் அந்த வழி இல்லை? இங்கிலாந்தில் 1999க்குப் பிறகு கன்சல்டன்ட் நர்ஸ் என்று ஒரு பதவியைக் கொண்டு வந்தார்கள். அந்தப் பதவியில் இருப்பவர் வேலை நேரத்தில் பாதியாவது நோயாளியோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனையே வைத்தார்கள். நம் நாட்டில் தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பை செவிலியர் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. படித்து வருபவர்களுக்கு அதற்கேற்ற பதவியும் சம்பளமும் வேண்டும். அதை நீங்கள்தான் உருவாக்க முடியும். தொற்றுத் தடுப்பு நர்ஸ், பயிற்சி நர்ஸ் ஆகிய இடங்களுக்கு இன்சார்ஜுக்கு இணையான சம்பளம் கொடுங்கள். பத்து வருஷம் கட்டிலோரம் நின்றவருக்கு, அங்கேயே நின்றபடி வாங்கக்கூடிய ஒரு பதவிப் பெயரும், அதற்கான தொகையும், இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வாரத்தில் ஒருநாளும் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அந்தக் கூட்டத்தில் வார்டில் வேலை செய்யும் ஒரு ஸ்டாஃப் நர்ஸையும் உட்கார வையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. நைட் டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள் கிளம்பலாம். கேள்வி இருப்பவர்கள் இருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.